ரியால் வருகிறது… டாலர் போகிறது!

வெளிநாட்டுச் சம்பளத்தை விழுப்புரம் செலவழிக்கும் விதமும், நாட்டின் இறக்குமதிக் கணக்கும்

திண்டிவனம் நேரு வீதி. ஆவணி மாத வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணி. நகைக்கடையின் கண்ணாடி மேசையில் இரண்டு ஜோடி ஜிமிக்கிகள். அவற்றுக்கு நேராகச் செல்போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார் ஒரு பெண். திரையில், தம்மாமில் வேலை செய்யும் கணவர். சவுதியில் வெள்ளி விடுமுறை என்பதால்தான் இந்த நேரத்தில் ‘ஐமோ’வில் வர முடிந்திருக்கிறது. “கல்லு வச்சது வேணாம், சின்னதே போதும்” என்கிறார். கடைக்காரர் சின்ன ஜோடியைத் தராசில் வைக்கிறார். இரண்டு கிராமும் சொச்சமும். சேதாரம், மூன்று சதவீத ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்துக் கால்குலேட்டரைத் தட்டி, “அக்கா, இதான் வருது” என்று திருப்பிக் காட்டுகிறார். முந்தாநாள் கணக்கில் ஏறிய 34,000 ரூபாயில் பாதிக்கு மேல் அங்கேயே கை மாறுகிறது.

முகூர்த்த மாதங்களில் திண்டிவனம், விழுப்புரம், செஞ்சி கடைவீதிகளில் யாரும் திரும்பிப் பார்க்காத காட்சி இது. ஆனால் இந்தியாவின் ஏற்றுமதி இறக்குமதிக் கணக்கு மொத்தமும் அந்த மேசையிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. தம்மாமிலிருந்து கிளம்பியது 1,500 ரியால். ஒரு டாலருக்கு 3.75 ரியால் என்ற விகிதத்தைச் சவுதி பல்லாண்டுகளாக மாற்றவில்லை. எனவே நாட்டுக்குள் வந்தது 400 டாலர். அது ரூபாயாகி, ஜிமிக்கியாகிவிட்டது. கோலார் சுரங்கத்தை 2001-இல் மூடிவிட்டோம். ஹட்டி சுரங்கம் தருவது சொற்பம். நாம் வாங்கும் புதுத் தங்கம் ஏறக்குறைய எல்லாமே இறக்குமதிதான். அந்த இரண்டு கிராமுக்காக எங்கோ ஓர் இறக்குமதியாளர் சுவிட்சர்லாந்துக்கோ துபாய்க்கோ டாலரில் பணம் கட்டியிருக்கிறார். வந்த 400 டாலரில் ஏறத்தாழ 200 வந்த சூட்டோடு வெளியே போய்விட்டது.

வெளிநாட்டில் உழைப்பவர்கள் அனுப்பும் பணம் நாட்டின் வர்த்தகப் பற்றாக்குறைக்கு மருந்தா, அல்லது அதை வளர்க்கும் தீனியா? ரூபாய் சரியும்போதெல்லாம், தங்கம் ஏறும்போதெல்லாம், வளைகுடாவில் குண்டு விழும்போதெல்லாம் இந்தக் கேள்வி எழுகிறது. பணம் ஊருக்கு வந்த பிறகு எதை வாங்குகிறது என்பதில்தான் இதற்கு விடை இருக்கிறது.

பாதிப் பள்ளத்தை நிரப்பும் பணம்

2024-25 நிதியாண்டில் இந்தியா ஏற்றுமதி செய்த சரக்கு சுமார் 43,700 கோடி டாலர். இறக்குமதி 72,000 கோடி டாலர். இடையில் 28,000 கோடி டாலருக்கு மேல் பள்ளம். இதைத்தான் சரக்கு வர்த்தகப் பற்றாக்குறை என்கிறோம். அதே ஆண்டில் வெளிநாடுவாழ் இந்தியர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் 13,546 கோடி டாலர். பள்ளத்தில் கிட்டத்தட்ட பாதி. மென்பொருள் உள்ளிட்ட சேவைகளில் கிடைத்த உபரி இன்னொரு பெரும்பங்கை நிரப்பியது. வட்டி, லாபம் என்று வெளியே போனதையும் கழித்த பிறகு மிஞ்சிய நடப்புக் கணக்குப் பற்றாக்குறை 2,330 கோடி டாலர் மட்டுமே. நாட்டின் மொத்த உற்பத்தியில் 0.6 சதவீதம். குடும்பங்களுக்கு வந்த பணத்தை மட்டும் எடுத்துவிட்டால் அது 4 சதவீதத்தை ஒட்டிப் போயிருக்கும். அந்த நிலையில் ரூபாயின் கதியை யாரும் சொல்லத் தேவையில்லை.

முதலீட்டைத் தேடி அமைச்சர்களும் அதிகாரிகளும் நாடு நாடாகப் போகிறார்கள். 2024-25-இல் வந்த மொத்த அந்நிய நேரடி முதலீடு சுமார் 8,100 கோடி டாலர். அதைவிட ஒன்றரை மடங்குக்கு மேல், எந்த மாநாடும் வரிச்சலுகையும் இல்லாமல், சம்பளத்திலிருந்து பிடித்து வீட்டுக்கு அனுப்பப்பட்டிருக்கிறது. முதலீடு லாபத்தை எடுத்துக்கொண்டு போகும். கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். குடும்பத்துக்கு அனுப்பிய பணத்தை யாரும் திருப்பிக் கேட்பதில்லை.

இந்த வேறுபாட்டை நாடு 1991-இல் அனுபவித்துத் தெரிந்துகொண்டது. 1990 ஆகஸ்டில் குவைத்துக்குள் இராக் புகுந்தது. சுமார் 1,70,000 இந்தியர்களை அம்மான் வழியாக விமானங்களில் ஏற்றிக் கொண்டுவர வேண்டியிருந்தது. அவர்கள் அனுப்பிய பணம் நின்றது. எண்ணெய் விலையும் எகிறியது. வெளிநாடுவாழ் இந்தியர்கள் வங்கிகளில் போட்டிருந்த டெபாசிட்டுகளை உருவத் தொடங்கினார்கள். இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் அந்நியச் செலாவணி மிச்சம் என்ற நிலையில், 1991 ஜூலையில் 47 டன் தங்கம் இங்கிலாந்து வங்கிக்கும் ஜப்பான் வங்கிக்கும் அடகு போனது. டெபாசிட் பயந்தால் ஓடிவிடும். குடும்பப் பணத்தின் குணம் வேறு. 2020 கொரோனா ஆண்டில் அது பெருமளவு விழும் என்று உலக வங்கி கணித்தது. இந்தியாவுக்கு வந்ததோ சுமார் 8,300 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட அரை சதவீதம்கூடக் குறையவில்லை. வீட்டில் கஷ்டம் என்றால், அங்கே இருப்பவர் தன் சாப்பாட்டைக் குறைத்தாவது அனுப்புகிறார்.

> பெட்டிச் செய்தி: எண்களில் பார்த்தால்
>
> • 2024-இல் உலகிலேயே அதிகமாக வெளிநாட்டுச் சம்பளம் பெற்ற நாடு இந்தியா. அடுத்து மெக்சிகோ, சீனா, பிலிப்பைன்ஸ், பாகிஸ்தான்.
>
> • 2016-17-இல் வந்தது சுமார் 6,100 கோடி டாலர். எட்டே ஆண்டுகளில் இரு மடங்குக்கு மேல்.
>
> • ரிசர்வ் வங்கியின் 2023-24 கணக்கெடுப்பில் மகாராஷ்டிரம் 20.5 சதவீதம், கேரளம் 19.7, தமிழ்நாடு 10.4. தமிழ்நாட்டின் பங்கு 2016-17-இல் 8 சதவீதமாக இருந்தது.
>
> • 2015-இல் நடந்த தமிழ்நாடு புலம்பெயர்வு ஆய்வின்படி சுமார் 22 லட்சம் தமிழ்நாட்டவர்கள் வெளிநாடுகளில் இருந்தார்கள். முதலிடம் சிங்கப்பூருக்கு.
>
> • 2024-25-இல் தங்க இறக்குமதிக்கு நாடு கொடுத்தது சுமார் 5,800 கோடி டாலர்.

யார் அனுப்பும் டாலர்?

கடல் கடப்பது விழுப்புரத்துக்குப் புதிதல்ல. பழைய தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து கங்காணிகள் பிடித்துக்கொண்டு போன ஆட்களும் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டினார்கள். பக்கத்திலுள்ள புதுச்சேரியில் பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியத்தில் தலைநிமிர்ந்த ‘சொல்தா’ குடும்பங்கள் உண்டு. இன்று கம்பி கட்டுபவர், எலெக்ட்ரீசியன், டிரைவர், வெல்டர் என்று சவுதிக்கும் துபாய்க்கும் குவைத்துக்கும் சிங்கப்பூருக்கும் போகிறார்கள்.

ஆனால் நாட்டுக்கு வரும் மொத்தப் பணத்தில் வளைகுடாவின் பங்கு இறங்கியிருக்கிறது. 2016-17-இல் பாதிக்கு மேல் இருந்தது, 2023-24-இல் 38 சதவீதம். அமெரிக்கா மட்டும் 27.7 சதவீதத்துடன் முதலிடத்தில் இருக்கிறது. பிரிட்டன் 10.8, சிங்கப்பூர் 6.6. அதாவது தேசியக் கணக்கில் கொடி பறப்பது கணினி முன்னால் உட்கார்ந்திருப்பவர்களின் டாலரால். வெயிலில் நிற்பவரின் ரியால் அந்த அளவுக்கு வளரவில்லை. ‘சாதனை அளவு’ என்று தலைப்புச் செய்தி வரும்போது, அந்தச் சாதனை செஞ்சிக்கும் மயிலத்துக்கும் வானூருக்கும் வந்து சேர்ந்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

வளைகுடாப் பணத்துக்கு ஒரு தனி குணமும் உண்டு. எண்ணெய் விலை ஏறினால் நம் இறக்குமதிச் செலவு ஏறும். ஆனால் அங்கே கட்டுமானம் பெருகி, நம் ஆட்களுக்கு வேலை கூடும். எண்ணெய் இறங்கினால் செலவு மிச்சம், வேலை குறைவு. இந்தத் தராசு ஓரளவு நம்மைக் காப்பாற்றுகிறது. போர் வந்தால் மட்டும் இரண்டு தட்டும் ஒரே நேரத்தில் நமக்கு எதிராகச் சாயும். 1990 அப்படிப்பட்ட ஆண்டு.

சமையலறை வரை வந்த இறக்குமதி

வந்த பணம் என்ன ஆகிறது? ரிசர்வ் வங்கியின் 2016-17 கணக்கெடுப்பில் 59.2 சதவீதம் குடும்பச் செலவுக்குப் போனது. 20 சதவீதம் வங்கியில் டெபாசிட். நிலம், பங்கு போன்ற முதலீடுகளுக்கு 8.3 சதவீதம் மட்டும்.

குடும்பச் செலவு என்றால் உள்ளூர்ச் செலவு என்று தோன்றும். பொருள் பொருளாகப் பார்த்தால் அப்படி இல்லை. பைக்குக்குப் போடும் பெட்ரோலின் கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. மகனுக்கு வாங்கிய போன் ஸ்ரீபெரும்புதூரில் பூட்டப்பட்டதாக இருந்தாலும், அதன் சிப்பும் திரையும் கடல் கடந்து வந்தவை. ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து வருகிறது. முப்பாட்டன் காடு திருத்திய அதே மலேயாவுக்கு, பேரனின் சம்பளம் எண்ணெய் விலையாகத் திரும்பிப் போகிறது.

இதில் சற்று ஆறுதல், வீடு கட்டுவது. செங்கல், ஜல்லி, சிமென்ட், கொத்தனார் கூலி எல்லாம் நாட்டுக்குள்ளேயே சுற்றும் பணம். கல்விக் கட்டணமும் மருத்துவச் செலவும் அப்படித்தான். எனவே ஒரே 34,000 ரூபாய், நகைக்கடைக்குப் போனால் ஒருவிதமாகவும், செங்கல் சூளைக்குப் போனால் வேறுவிதமாகவும் நாட்டின் கணக்கைப் பாதிக்கிறது.

இதற்காகக் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. வங்கி மேலாளரிடம் விளக்கம் சொல்லாமல் அரை மணி நேரத்தில் பணமாக மாற்றக்கூடிய ஒரே சொத்து, இந்த ஊர்களில் தங்கம்தான். மழை பொய்த்தால், ஆஸ்பத்திரிச் செலவு வந்தால், அடுத்த மகனுக்கு விசா எடுக்க வேண்டுமானால் அடகுக்கடைக்குப் போவது அதுதான். 2025 ஏப்ரலில் சவரன் 70,000 ரூபாயைத் தாண்டியபோது, முன்பே வாங்கிவைத்தவர்கள் புத்திசாலிகளாகத்தான் தெரிந்தார்கள். ஒரு குடும்பத்துக்குச் சரியாக இருக்கும் முடிவு, கோடிக்கணக்கான குடும்பங்கள் எடுக்கும்போது நாட்டுக்குச் சுமையாகிறது. அந்தக் குடும்பத்துக்குப் பயிர்க் காப்பீடும், மருத்துவப் பாதுகாப்பும், நியாயமான கடனும் நம்பத்தகுந்ததாகக் கிடைக்காதவரை, தங்கம் வாங்காதே என்ற உபதேசம் எடுபடாது.

மல்லாட்டைக் கொல்லையில் மனைக் கல்

வர்த்தகக் கணக்கில் நேரடியாகத் தெரியாத இன்னொரு விளைவு, விலைகளில் நடக்கிறது. வெளியிலிருந்து வரும் பணம் இறக்குமதி செய்ய முடியாத இரண்டு பொருள்களை விலையேற்றும்: நிலம், கூலி. சென்னைச் சாலையிலும் புதுச்சேரிச் சாலையிலும் திண்டிவனத்தைச் சுற்றிக் கொடி நட்டு மனை விற்கிறார்கள். நேற்று வரை மல்லாட்டை (நிலக்கடலை) விளைந்த கொல்லைகளில் எல்லைக் கற்கள். சென்னையின் விரிவாக்கமும் இதற்குக் காரணம். ஆனால் ஊரில் ரொக்கத்துடன் மனை கேட்பவர்களில் வெளிநாட்டுச் சம்பளக்காரர்கள் முக்கியமானவர்கள். மல்லாட்டை பிடுங்கவும் ஆயவும் ஆள் கிடைப்பதில்லை என்று விவசாயி சலித்துக்கொள்கிறார். கட்டட வேலைக்கு பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். சவுதியிலிருந்து வந்த ரூபாயில் ஒரு பங்கு அவர்கள் வழியாக வடக்கே பயணம் போகிறது.

பணம் பெருகி, ரூபாய் வலுத்து, உள்ளூர்ச் செலவு ஏறினால் ஏற்றுமதி செய்பவருக்கு நெருக்கடி. ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் திருப்பூர்க்காரரைக் கேட்டால், டாலருக்கு ஒரு ரூபாய் குறைந்தாலும் என்ன ஆகும் என்று விரல் விட்டுச் சொல்வார். பொருளாதார நூல்களில் இதற்கு ‘டச்சு நோய்’ என்று பெயர். எரிவாயு கிடைத்த நெதர்லாந்தில் மற்ற தொழில்கள் நலிந்ததைப் பார்த்து வைத்தது.

இந்தியா போன்ற பெரிய நாட்டில், உற்பத்தியில் மூன்றரை சதவீதமே வரும் பணத்தால் இந்த நோய் பெரிதாகத் தாக்காது. சின்ன நாடுகளில் கதை வேறு. நேபாளத்தின் உற்பத்தியில் கால்பங்கு அளவுக்கு வெளிநாட்டுச் சம்பளம் வருகிறது. அங்கே 2023-24-இல் இறக்குமதி, ஏற்றுமதியைவிடப் பத்து மடங்கு. வெளியிலிருந்து பணம் வந்துகொண்டே இருப்பதால் இவ்வளவு பெரிய பள்ளத்துடன் ஒரு நாடு காலம் தள்ள முடிகிறது. தள்ள முடிவதாலேயே தொழிற்சாலை கட்டும் அவசரமும் எழுவதில்லை. ஒரு மாவட்டத்துக்கும் இது நேரலாம்.

> பெட்டிச் செய்தி: உண்டியல் உடைத்த நாடு
>
> வெளிநாட்டுச் சம்பளம் எந்த வழியாக வருகிறது என்பது எவ்வளவு முக்கியம் என்பதை இலங்கையில் பார்த்தோம். 2020-இல் அங்கே வந்தது சுமார் 710 கோடி டாலர். பிறகு மத்திய வங்கி டாலரின் விலையைச் செயற்கையாக 200 ரூபாயை ஒட்டிப் பிடித்துவைத்தது. வெளிச்சந்தையில் அதிகம் கிடைத்ததால் மக்கள், வங்கிக்கு வெளியே பணம் கைமாறும் ‘உண்டியல்’ முறைக்கு மாறினார்கள். வீட்டுக்கு ரூபாய் வந்தது, நாட்டுக்கு டாலர் வரவில்லை. வங்கி வழி வந்தது 2022-இல் சுமார் 380 கோடி டாலராகச் சுருங்கியது. அந்த ஆண்டு ஏப்ரல் 12-இல் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்தியது. டாலர் விலையை விடுவித்த பின் பணம் வங்கிகளுக்குத் திரும்பியது. 2024-இல் 657 கோடி டாலர்.
>
> நம் ஊரிலும் ஹவாலா உண்டு. அந்த டாலர் பல நேரம் ‘குருவி’கள் கடத்திவரும் தங்கமாக விமான நிலையத்தில் இறங்குகிறது. தங்கத்தின் இறக்குமதி வரி 2024 ஜூலையில் 15 சதவீதத்திலிருந்து 6 ஆகக் குறைக்கப்பட்டதற்குக் கடத்தலும் ஒரு காரணம்.

கணக்கில் ஏறாத செலவு

2024 ஜூன் 12. குவைத்தின் மங்காஃப் பகுதியில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் விடியற்காலையில் தீப்பிடித்தது. இரண்டு நாள் கழித்து, 45 இந்தியர்களின் உடல்களுடன் விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. ஏழு பேர் தமிழ்நாட்டவர். அவர்களில் ஒருவர் விழுப்புரம் மாவட்டம் செஞ்சியைச் சேர்ந்தவர். அவர்களின் உடல்களைப் பெற்றுக்கொள்ளத் தமிழ்நாடு அரசின் சார்பில் போயிருந்த அப்போதைய வெளிநாடுவாழ் தமிழர் நலத்துறை அமைச்சர் மஸ்தானும் செஞ்சிக்காரர்தான்.

கிளம்பும் முன்பே செலவு தொடங்கிவிடுகிறது. பத்தாவது தேறாதவரின் பாஸ்போர்ட்டில் குடியகல்வுச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். சவுதி, குவைத், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக அவர் அனுமதி பெற வேண்டும். பதிவுபெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்பது சட்டம். ‘விசாவுக்கு ஒண்ணரை ஆச்சு, ரெண்டு ஆச்சு’ என்று லட்சத்தில் பேசுவதுதான் ஊர் நடப்பு. அந்தப் பணம் வட்டிக்கு வாங்கியதாக இருந்தால், முதல் ஓராண்டுச் சம்பளம் வந்த வழியே கடன்காரர் வீட்டுக்குப் போய்விடும். ரிசர்வ் வங்கி அதையும் நாட்டுக்கு வந்த டாலர் என்றே எழுதிக்கொள்ளும். 10 லட்சம் ரூபாய் காப்பீடு தரும் பிரவாசி பாரதீய பீமா யோஜனாவுக்கு இரண்டாண்டுக் கட்டணம் 275 ரூபாய்தான். சுற்றுலா விசாவில் கிளம்பிப் போகிறவருக்கு அதுவும் இல்லை.

ஆளை அனுப்புவதா, பொருளை அனுப்புவதா?

1993-இல் தென்னாற்காட்டிலிருந்து பிரிந்த விழுப்புரம், நெடுங்காலம் பெரிய தொழிற்சாலை என்று சொல்லச் சர்க்கரை ஆலைகளைத் தவிர அதிகம் இல்லாத மாவட்டம். ஏற்றுமதி செய்ய இருந்ததெல்லாம் ஆள்பலம். இப்போது நிலைமை லேசாக மாறுகிறது. முன்பு இதே மாவட்டத்தில் இருந்து, இப்போது கள்ளக்குறிச்சியில் இருக்கும் உளுந்தூர்பேட்டையில், தைவானின் பௌ சென் நிறுவனம் 2,302 கோடி ரூபாயில் காலணித் தொழிற்சாலை அமைக்க 2023-இல் ஒப்பந்தம் செய்தது. 20,000 வேலைகள், பெரும்பாலும் பெண்களுக்கு என்பது திட்டம். திண்டிவனம் சிப்காட் உணவுப் பூங்காவில் டாபர் நிறுவனத்தின் 400 கோடி ரூபாய் ஆலைக்கு 2024 ஆகஸ்டில் ஒப்பந்தமானது. கணவர் தம்மாமிலிருந்து அனுப்பும் டாலரும், மனைவி தைத்து ஏற்றுமதியாகும் செருப்பு கொண்டுவரும் டாலரும் நாட்டின் கணக்கில் ஒன்றுதான். குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றல்ல.

சமையல் எண்ணெய் விஷயத்தில் திண்டிவனத்துக்கு இன்னும் பெரிய உரிமை உண்டு. நாடெங்கும் விதைக்கப்பட்ட டி.எம்.வி. மணிலா (மல்லாட்டை) ரகங்கள் இங்குள்ள எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்தின் கொடை. விழுப்புரம், திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களுக்கு மணிலா மூட்டைகள் இன்றும் வருகின்றன. நாட்டின் சமையல் எண்ணெய்த் தேவையில் 57 சதவீதம் இறக்குமதி. அதைக் குறைக்க மத்திய அரசு 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாயில் எண்ணெய்வித்து இயக்கத்தை அறிவித்தது. மனையாகாமல் காப்பாற்றப்படும் ஒவ்வொரு ஏக்கர் மல்லாட்டைக் கொல்லையும் ஓர் இறக்குமதித் தடுப்புதான்.

என்ன செய்யலாம்?

முதலில், அனுப்பும் செலவைக் குறைக்க வேண்டும். உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். ஐ.நா. வைத்த இலக்கு 3. சிங்கப்பூரிலிருந்து செல்போன் வழியே நொடியில் அனுப்ப 2023 பிப்ரவரியில் யு.பி.ஐ. – பேநவ் இணைப்பு வந்தது. ஆட்கள் நிறைந்த சவுதிக்கும் குவைத்துக்கும் அப்படி ஒன்று கிடைத்தால் ஹவாலாக்காரருக்கு வேலை குறையும். அமெரிக்காவோ ரொக்கமாக அனுப்பும் பணத்துக்கு 2026 ஜனவரி முதல் 1 சதவீத வரி போட்டு எதிர்த்திசையில் போகிறது.

இரண்டாவது, போகும் முன் திறன். கையில் சான்றிதழ் உள்ள வெல்டருக்கும் சும்மா ‘ஹெல்பர்’ என்று போகிறவருக்கும் சம்பளத்தில் பெரிய இடைவெளி. விழுப்புரம், திண்டிவனம் ஐ.டி.ஐ.களுக்குச் செலவழிக்கும் பணம் டாலராகத் திரும்பும்.

மூன்றாவது, திரும்பி வருபவர். பத்தாண்டு கிரேன் ஓட்டியவரும் ஏ.சி. பிளான்ட் பார்த்தவரும் ஊருக்கு வந்து ஆட்டோ வாங்குகிறார்கள். சிப்காட் ஆலைகள் ஆள் எடுக்கும்போது, அவர்களின் அனுபவத்தைத் தகுதியாக ஏற்க ஓர் ஏற்பாடு வேண்டும்.

வெளிநாட்டுச் சம்பளம் வர்த்தகப் பற்றாக்குறையைத் தீர்க்காது. அதோடு வாழ அவகாசம் வாங்கித் தரும். 1991-க்குப் பிறகு முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அவகாசத்தில் ஓட்டியிருக்கிறோம். அடுத்த முறை ‘சாதனை அளவு’ என்று புள்ளிவிவரம் வரும்போது விழுப்புரத்துக்காரர்கள் மூன்று கேள்வி கேட்கலாம். சிப்காட்டில் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது? மணிலா மூட்டைக்கு என்ன விலை போனது? விசாவுக்காக வட்டிக்கு வாங்கியவர்கள் இந்த ஆண்டு குறைந்தார்களா? டாலர் ஊரில் தங்குகிறதா, வந்துவிட்டுப் போகிறதா என்பதற்கு இந்த மூன்றைவிட நல்ல அளவுகோல் டெல்லியிலும் இல்லை.